பல்லதிகாரம்

பேரா மாநிலத்துப் பிள்ளைகளின் சொத்தைப் பல் ஏடுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராயும் சிறுநூல். நூலும் உரையும் ஒருவரே.

பாயிரம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அரசாங்கம் இலவசமாகத் தரும் புள்ளிவிவரம் தானம் கொடுத்த மாடு. இந்நூல் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறது. பெரியோர் பொறுக்க.

எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் அதிகாரம் வகுத்த நம் இலக்கணக்காரர்கள் பல்லுக்கு வகுக்காமல் போனது வியப்பு. தகரமும் நகரமும் பிறக்க நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும், வகரத்துக்கு மேற்பல்லும் கீழுதடும் கூட வேண்டும் என்று விதித்தவர்கள் அவர்களே. முன்பல் விழுந்த முதலாமாண்டுப் பிள்ளைகள் சபைகூடலில் ஒரே குரலில் 'வணக்கம்' சொல்லும்போது அந்த விதி எத்தனை உண்மை என்பது காதுக்குத் தெரியும். விடுபட்ட அதிகாரத்தை இந்நூல் நிரப்புகிறது.

பாயிரத்துக்கு உரியவற்றைச் சொல்லிவிடலாம். எல்லை: வடக்கே கிரீக், தெற்கே தஞ்சோங் மாலிம், நடுவே ஈப்போ. கேட்போர்: கடைவாய்ப்பல் இன்னும் மிச்சமிருப்பவர்கள். பயன்: எண்ணைக் கண்டதும் வாயைப் பிளக்காமல், எண்ணின் வாயைப் பிளந்து பார்க்கும் பழக்கம். ஆக்கியோன்: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பல் மருத்துவம் படித்ததில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பல் பார்க்க வரும் குழுவின் முன்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதே தகுதி. பல்லைப் பிடிக்காவிட்டாலும் வரிசையைப் பிடித்தவன்.

நுதலிய பொருள் இது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளின்படி, ஐந்து வயதுப் பிள்ளைகளில் சொத்தை கண்டவர்கள் 1995இல் 87.1 விழுக்காடு, 2005இல் 76.2, 2015இல் 71.3. பன்னிரண்டு வயதினரில் 1997இல் 60.9; 2007இல் 41.5, 2017இல் 33.3. அதாவது ஐந்து வயதில் பத்துக்கு ஏழு பேர், பன்னிரண்டு வயதில் மூன்றுக்கு ஒருவர். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் பிள்ளைகளின் வாய்க்குள் என்ன அற்புதம் நடக்கிறது? விடை ஐந்தாம் இயலில். அவசரப்படுவோர் நேரே அங்கே போகலாம். வரிசையில் நிற்கப் பழகியவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

ஒரு வேறுபாடு மட்டும் மனத்தில் இருக்கட்டும். மேலே சொன்னவை ஆய்வுகள்: பத்தாண்டுக்கு ஒருமுறை, தேர்ந்தெடுத்த பிள்ளைகளை, அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் பார்த்தவை. ஏடு என்பது வேறு. பள்ளிதோறும், ஆண்டுதோறும், வந்த பிள்ளை எல்லாரையும் பார்த்து அந்தந்த இடத்திலேயே எழுதி வைப்பது. ஆய்வு கல்யாண விருந்து. ஏடு அன்றாடச் சோறு.

1. புணரியல்

நூற்பா: சொல்லுறு மாற்றம் பல்லும் உறுமே.

உரை: சொல்லோடு சொல் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் நேரும் என்று பள்ளியில் படித்திருப்போம். 1938இல் அமெரிக்காவின் ஹேகர்ஸ்டவுன் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்த கிளைன், பால்மர், நட்சன் ஆகிய மூவர், பல்லுக்கும் மூன்று விகாரம் உண்டு என்று கண்டு, டி, எம், எஃப் என்று குறியிட்டார்கள். டி என்பது சொத்தையானது, இது திரிதல். எம் என்பது இல்லாமல் போனது; இது கெடுதல். எஃப் என்பது அடைக்கப்பட்டது, முன்பு இல்லாத பொருள் ஒன்று வந்து உட்கார்ந்தது, இது தோன்றல். மூன்றையும் கூட்டினால் ஒரு வாயின் வரலாறு ஓர் எண்ணாகிறது. பவணந்தி முனிவர் இதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று மேடையில் பேச விரும்புவோர் பேசலாம். அவர் பல்லைப் பற்றிச் சொல்லவில்லை என்பதை மட்டும் மறைத்துவிட வேண்டும்.

மலேசியாவில் இந்த மூன்றோடு எக்ஸ் என்று ஒன்றும் சேர்ந்தது: பிடுங்க வேண்டிய பல். இதனால் கணக்கில் முக்காலமும் அமைந்தது. எம் இறந்தகாலம். டி நிகழ்காலம். எக்ஸ் எதிர்காலம். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எதிர்காலத்தை எண்ணி அழுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

நிலைப்பல்லுக்கு ஆங்கிலப் பேரெழுத்து, பால்பல்லுக்குச் சிற்றெழுத்து என்பது மரபு. நம் நெடுங்கணக்கில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் இல்லை. ஆகவே இந்தக் கணக்கைத் தமிழில் எழுதினால் பேரனின் பால்பல்லும் தாத்தாவின் கடைவாய்ப்பல்லும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும். மலேசியாவில் பல் கணக்கு எதுவும் தமிழில் எழுதப்படாததால் இந்த ஆபத்து நேரவில்லை.

இவ்வியலுக்குப் புறனடை ஒன்று. வல்லினம் வந்தால் 'பல்' 'பற்' ஆகும்: பற்பொடி, பற்பசை. ஈப்போவில் வல்லினத்துக்கு எடுத்துக்காட்டு புந்தோங்கின் கச்சாங் பூத்தே. ககரத்தில் தொடங்குகிறது, பல்லோடு சேர்ந்தால் பல் மாறுகிறது. விதி பொருந்துகிறது.

2. எண்ணியல்

நூற்பா: கண்ணிலான் கணக்கும் பெரும்பாலும் சரியே.

உரை: பால்பற்கள் இருபது. கடைவாய்ப்பல் எட்டுக்கும் தலா ஐந்து பரப்பு; நாற்பது. மற்றப் பன்னிரண்டுக்கும் தலா நான்கு, நாற்பத்தெட்டு. ஆக ஒரு பிள்ளை வாயில் 88 பரப்பு. சொத்தை ஆறு பரப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதகர் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை; தேநீர் குடித்தபடியே எண்பத்தெட்டுக்கும் 'நலம்' என்று கோடு இழுத்துவிடுகிறார். எண்பத்திரண்டு சரி. 93 விழுக்காடு. என் பள்ளியில் 93 வாங்கிய மாணவனை மேடையேற்றிச் சுழற்கிண்ணம் கொடுப்போம்.

இந்த அநியாயத்தைக் கண்டு 1960இல் ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் கப்பா என்னும் கிரேக்க எழுத்தால் ஓர் அளவை வகுத்தார். ஒரே வாயை இரண்டு பேர் தனித்தனியே பார்க்கட்டும். இருவரும் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறார்கள் என்று எண்ணி, குருட்டாம்போக்கில் எழுதினாலும் கிடைத்திருக்கக்கூடிய ஒப்புதலைக் கழித்துவிடு, மிச்சமே உழைப்பு. இந்தத் தராசில் நம் தேநீர்ப் பரிசோதகர் வாங்குவது சுழி. 0.81க்கு மேல் வாங்கியவரை 'ஏறத்தாழ முழுமை' என்பார்கள். ஆய்வுக்குப் போகிறவர்கள் இந்தச் சோதனையைத் தாண்டிய பிறகே கண்ணாடியைத் தொடுகிறார்கள். ஆகவே 93 விழுக்காடு பொருந்துகிறது என்று எந்தப் பல் ஏடாவது பெருமைப்பட்டால் வாசகர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கழித்த பிறகு எவ்வளவு?

சராசரியும் இவ்வியலில் அடங்கும். 2015 ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சராசரி 4.8 பல். முப்பது ஆண்டில் எத்தனையோ பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறேன், 4.8 பல் கெட்டவன் ஒருவனையும் கண்டதில்லை. நூற்றில் இருபத்தொன்பது பேருக்குச் சொத்தையே இல்லாததால், அவர்கள் பங்கையும் மற்றவர்களே சுமக்க வேண்டும். 4.8ஐ 0.713ஆல் வகுத்தால் சொத்தை கண்ட பிள்ளைக்கு 6.7. இருபதில் ஏறக்குறைய ஏழு. சராசரி என்பது வலியில்லாத பிள்ளையின் வாய்க்குள் வலியுள்ள பிள்ளையின் பல்லை வைத்துக் காட்டுவது. இதைக் கண்ட சுவீடன் நாட்டு டக்ளஸ் பிராத்தால், 2000இல், மோசமான மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சராசரி எடுங்கள் என்றார். வகுப்பின் கடைசி வாங்கை மட்டும் எழுப்பிக் கேள்வி கேட்பது போன்றது; அங்கேதான் உண்மை வரும் என்பதை எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வார்.

3. காட்சியியல்

நூற்பா: ஐயம் எழுந்தால் நலமென எழுதுக.

உரை: பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பல் பார்க்கும் தாதியர் என்னும் ஏற்பாடு 1921இல் நியூசிலாந்தில் பிறந்தது. 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கி நம் நாட்டுக்கு வந்தது. நாங்கள் அவர்களை 'பல் மிஸி' என்போம். பின்னாளில் பதவிப் பெயர் மாறியது. பிள்ளைகளுக்கு இன்றும் மிஸிதான்.

குழு வந்து இறங்கும் இடம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை. மடக்கு நாற்காலி விரியும். விளக்கு ஒன்று கழுத்தை நீட்டும். மிஸி கண்ணாடியை வாய்க்குள் விட்டுச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் கார்டில் எழுதுவார். பத்தடி தள்ளி நாசி லெமாக் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்கும்.

"பூக்கா மூலுட்."

பையன் வாயைத் திறக்கிறான். ஆனால் கேள்வி என்னிடம்: "சார், பூச்சி இருக்கா சார்?"

பல்லைப் பூச்சி தின்பதில்லை என்று பாரிஸில் பியர் ஃபோஷார் 1728இலேயே எழுதிவிட்டார். செய்தி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. 1890இல் வில்லபி மில்லர், வாயில் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்குகின்றன, அமிலம் பல்லை அரிக்கிறது என்று நிறுவினார். இதைப் பூச்சிக் கட்சிக்குக் கிடைத்த பாதி வெற்றி என்றே கொள்ள வேண்டும். பாட்டி சொன்னது தப்பில்லை, அளவுதான் தப்பு.

சொத்தை எப்போது சொத்தை ஆகிறது? முதலில் பல்லில் சுண்ணாம்புப் பொட்டு போல வெள்ளைத் தழும்பு. அப்போதே நோய் தொடங்கிவிட்டது. ஆனால் கணக்கெடுப்பு முறையில் குழி விழுந்தால்தான் எழுத வேண்டும். இரண்டு கடைவாய்ப்பற்கள் உரசி நிற்கும் இடுக்கில் விழும் குழியை எக்ஸ்ரே இல்லாமல் காண்பது அரிது. சிற்றுண்டிச்சாலையில் எக்ஸ்ரே இல்லை. ஐயமாக இருந்தால்? சொத்தை என்று எழுதாதே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேட்டு விதி. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ற நீதிமன்ற நெறி பல்லுக்கும் நீட்டப்பட்டிருக்கிறது. எல்லா நாடும் ஒரே மாதிரி எண்ண வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் விடுதலையாகும் குற்றவாளிகள் எல்லாரும் ஏட்டில் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

ஏட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. எண்ணுகிறவரும் அடைக்கிறவரும் ஒரே குழுவினர். வினாத்தாள் எழுதிய ஆசிரியரே விடைத்தாளையும் திருத்துவது போன்றது. எனக்கு அதில் முப்பதாண்டு அனுபவம் இருப்பதால் நான் கருத்துச் சொல்வது முறையன்று.

4. எழுத்தியல்

நூற்பா: எண்ணிடம் மாறின் பல்லிடம் மாறும்.

உரை: ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் வாயின் கால்பகுதி. இரண்டாவது, நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. மிஸி மலாயில் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். மிஸியின் வாயில் முகமூடி. பக்கத்தில் நாற்பது பிள்ளைகள்.

'லீமா எம்பாட்' என்கிறார், 54. எழுதுபவர் அசதியில் 45 என்று போட்டுவிட்டால், எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதினொரு வயதில் முளைக்க வேண்டிய பல் வந்து, சொத்தையும் ஆகிவிட்டது என்று ஏடு சொல்லும். இது நல்ல பிழை. பார்த்ததும் சிரிப்பு வரும், திருத்திவிடுவார்கள். கெட்ட பிழை 64. அது மேல்வாயில் இடப்பக்கத்துப் பால் கடைவாய்ப்பல். தலைகீழானால் 46, கீழ்வாயில் வலப்பக்கத்து நிலைத்த கடைவாய்ப்பல். எட்டு வயதுப் பிள்ளையிடம் இரண்டுமே இருக்கும். யாருக்கும் சிரிப்பு வராது. விழப்போகும் பல்லின் நோய், வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல்லின் கணக்கில் ஏறிவிடும்.

இந்த 46 மேலும் ஒரு குழப்பத்துக்குக் காரணம். எந்தப் பல்லும் விழாமல், ஆறு வயதில், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கும். முளைத்தது தெரியாத தாய் அதையும் பால்பல் என்றே எண்ணுகிறாள். "விழுந்து மொளைக்கிற பல்லுதானே சார், போனா போவுது" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். ஏட்டில் அது பேரெழுத்து, வீட்டில் சிற்றெழுத்து.

பல்லின் எண்ணாவது இரண்டு இலக்கம். பிள்ளையின் பெயர் அப்படியில்லை. லெட்சுமி, லெச்சுமி, லெச்சிமி, லட்சுமி என்று பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் எத்தனை வடிவம் எடுக்கும் என்பது அன்றைக்கு எழுதிய கிராணியின் காதைப் பொறுத்தது. தோட்டப் பள்ளியில் லெச்சுமியாக இருந்து ஈப்போ பள்ளிக்கு மாறி லட்சுமி ஆனவள், கார்டு பின்னால் வராவிட்டால் இரண்டு பிள்ளை. ஒருத்திக்கு நான்கு சொத்தை, சிகிச்சைக்கு வரவேயில்லை. இன்னொருத்திக்கு நான்கு அடைப்பு, சொத்தையே இல்லை. முதல் பிள்ளை கவலைக்குரியவள், இரண்டாவது பிள்ளை சாதனை. இருவருக்கும் ஒரே வாய்.

டென்மார்க்கில் 1968 முதல் பிறக்கும் எல்லாருக்கும் பத்து இலக்க எண் உண்டு. 1972 முதல் பிள்ளைகளின் பல் ஏடும் உண்டு. பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் பல் அதன் பின்னால் போகும். இங்கே மைகிட் அட்டை 2003இல் வந்தது. எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம். பிறப்புப் பத்திரமே இல்லாமல் வளரும் பிள்ளைகள் நம் சமூகத்தில் உண்டு. அவர்களுக்குப் பல் இருபது, இலக்கம் சுழி.

5. உதிரியல்

நூற்பா: வீழ்ந்த பல்லுக்கு நோயெதும் இல்லை.

உரை: விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் வழக்கம். லயத்து வீட்டுத் தகரக் கூரையில் அது உருண்டு திரும்பி வரும் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் கவனிக்கவில்லை. ஏட்டில் 'இல்லை' என்று குறித்த பல் எங்கே? சொத்தையால் பிடுங்கப்பட்டதா, காலம் வந்து தானாக விழுந்ததா? பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஓட்டைதான். முன்னது நோய், பின்னது வளர்ச்சி. பிள்ளையைக் கேட்டால் "விழுந்துடிச்சி" என்பான். தாயைக் கேட்கலாம், தாய் வேலைக்குப் போயிருக்கிறாள். விடை கூரைமேல் கிடக்கிறது.

ஒருமுறை இரண்டாமாண்டுப் பையன் ஒருவனுக்கு மேல் கடைவாய்ப்பல் சொத்தை என்று எழுதி முடித்து, அடுத்தவனை அழைத்தார்கள். இவன் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. விரலை விட்டு இரண்டு திருகு. கார்டில் மை காயுமுன் பல் கையில்.

"சார், இத ஸ்கூல் கூரையில போடலாமா சார்?"

உள்ளே ஓடிப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் மிஸி பதினேழாவது வாயில் இருந்தார். ஆகவே அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பல் ஏட்டில் இருந்தது, வாயில் இல்லை, கால்சட்டைப் பையில் இருந்தது. மறு ஆண்டு குழு வந்தபோது அந்த இடத்தில் வெள்ளையாகப் புதுப்பல் எட்டிப் பார்த்தது. சொத்தை நீங்கிற்று.

பாயிரத்தில் தொக்கி நின்ற கேள்விக்கு இதுவே விடை. ஐந்து வயதுக் கணக்கு பால்பற்களின் கணக்கு. பன்னிரண்டு வயதுக் கணக்கு நிலைப்பற்களின் கணக்கு. முதல் கணக்கில் இருந்த பற்களில் ஒன்றுகூட இரண்டாவது கணக்கில் இல்லை. பெரும்பாலானவை அதற்குள் விழுந்துவிட்டன. இரண்டாவது கணக்கில் உள்ளவையோ முளைத்துச் சில ஆண்டுகளே ஆனவை. கெட்டுப்போக இன்னும் நேரம் கிடைக்காதவை. 71.3 என்பது 33.3 ஆகக் குறையவில்லை. எழுபத்தொன்று உதிர்ந்தது, முப்பத்து மூன்று புதிதாக முளைத்தது.

ஆகவே பேரா மாநிலத்தில் மிக அதிகமாகப் பல் வைத்தியம் பார்த்தவர் யார் என்று கேட்டால், எந்தக் கல்லூரியிலும் படிக்காத, சம்பளம் வாங்காத, ஒரு கார்டும் நிரப்பாத காலம் என்றே பதில் சொல்ல வேண்டும். அவருடைய சிகிச்சையில் ஒரே குறை: ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்வார்.

6. இடவியல்

நூற்பா: ஊரில்லை ஆயினும் பேருண்டு ஏட்டில்.

உரை: 1877இல் ஹியூ லோ கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று என்று பலகை வைத்த மரம் இன்றும் அங்கே நிற்கிறது. பின்னால் வந்த கோடிக்கணக்கான மரங்களுக்குப் பால் வெட்ட ஆள் வந்தது. ஆளுக்குப் பிள்ளை பிறந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. தோட்டத்தில் பிள்ளைகளை எண்ணும் பழக்கம் அப்படி வேர்விட்டது. பத்தாவது பிள்ளை எப்போது பிறக்கும் என்று துரை கவலையோடு காத்திருந்திருக்கலாம். பிள்ளைகளின் பல்லை எண்ணச் சட்டம் சொல்லவில்லை.

பல் கெட்டதன் காரணம் ஆயாக் கொட்டகையில் தொடங்குகிறது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையை ஆயாவிடம் விட்டுப் போவாள். கூடவே ஒரு புட்டி. அதில் டின் பால் கரைத்த தண்ணீர் அல்லது சீனி போட்ட தேநீர். புட்டியை வாயில் வைத்தபடி பிள்ளை உறங்கும். மேல் முன்பற்கள் முதலில் போகும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றும். அந்த வாயைப் பார்த்த எந்த மிஸிக்கும் கதை ஒரே கணத்தில் புரிந்துவிடும். குழந்தைகளுக்கு டின் பால் கொடுப்பதைப் பற்றி 1939இலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். அவர் பேசியது உயிரைப் பற்றி. பல்லுக்கு அவருக்கு நேரமில்லை. ஏட்டில் பால்பல்லுக்கு இருபது கட்டம் உண்டு. பல்லைக் கெடுத்ததற்கு ஒரு கட்டமும் இல்லை.

தண்ணீருக்கும் கட்டம் இல்லை. குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1972இல் நாட்டுக் கொள்கை ஆயிற்று. பத்து லட்சத்துக்கு 0.7 பங்கு. 2005இல் 0.5 ஆகக் குறைத்தார்கள். இந்தத் தண்ணீர் குழாய் போகும் இடத்துக்குத்தான் போகும். ஆற்றிலோ கிணற்றிலோ இறைத்துத் தொட்டியில் நிறைத்த தோட்டத் தண்ணீருக்கு இந்த அரசாணை தெரியாது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இருவரில் ஒருவன் ஈப்போ குழாய்த் தண்ணீர், மற்றவன் தோட்டத்துத் தொட்டித் தண்ணீர். ஏட்டில் இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே வரிசை.

பிறகு தோட்டங்களே போயின. முதலில் துண்டு துண்டாக விற்றார்கள். அதைத் தடுக்க 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசில் தோட்டம் வாங்கினார். மிஞ்சியவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு ஆள் குறைவு, பிள்ளை குறைவு. பல பள்ளிகள் லயத்தை விட்டுத் தாமான் பக்கம் குடிபெயர்ந்தன. பெயர் மட்டும் தோட்டத்தின் பெயர். அங்கே பயிலும் பிள்ளை பால் மரத்தைப் பாடநூலில்தான் பார்த்திருக்கிறது. 'தோட்டப் பள்ளிகளில் சொத்தை குறைந்துள்ளது' என்று ஏடு சொன்னால், குறைந்தது சொத்தையா தோட்டமா என்று கேட்பது ஆய்வு நெறி.

7. ஒழிபியல்

நூற்பா: வாராப் பிள்ளை எண்ணொடு சேரான்.

உரை: சொல்லாமல் ஒழிந்தவற்றைச் சொல்லி நூலை முடிப்பது மரபு.

இதுவரை கண்ட பிழைகளைத் தராசில் வைத்துப் பார்த்தால், ஒன்றிரண்டு நீங்கலாக எல்லாம் ஒரே தட்டில் விழுகின்றன. ஐயமா? நலம். இடுக்கில் ஒளிந்ததா? நலம். விழுந்ததா? நலம். எண் இடம் மாறும் பிழை மட்டும் இரண்டு பக்கமும் சாயும். அது கையின் பிழை. மற்றவை விதியின் பிழை. கைப்பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். விதிப்பிழை கூடிக்கொண்டே போகும். எனவே பல் ஏட்டைப் பொய் என்று தள்ளுவதும் தப்பு, மெய் என்று கொள்வதும் தப்பு. ஏடு சொல்லும் எண்ணுக்கும், அதே விதியில் எண்ணிய ஆய்வின் எண்ணுக்கும், பின்னால் 'ஆவது' என்னும் இடைச்சொல்லைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பத்துக்கு ஏழு பேராவது. மூன்றுக்கு ஒருவராவது. இந்த ஒரு சொல்லைச் சேர்க்கத் தனிப் பயிற்சியோ கப்பாவோ வேண்டாம்.

கடைசியாக, வராத பிள்ளை. ஒரு பல் பார்க்கும் நாளில் என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். இருபத்தொன்பது பேரையும் பார்த்து முடித்தார்கள். குழுவின் வேலையில் ஒரு குறையும் இல்லை. மதியத்துக்குள் நாற்காலி மடங்கியது, வண்டி புறப்பட்டது. வராத இருவரில் ஒருத்திக்குக் காய்ச்சல்.

மற்றவன் மறுநாள் வந்தான். ஒரு பக்கக் கன்னம் பலாச்சுளை போல வீங்கியிருந்தது. வாயில் கிராம்பு வாசம். அப்பியாசப் புத்தகத்தில் கிழித்த தாளில் அவன் அம்மா எழுதிக் கொடுத்திருந்தார்: மகனுக்கு ராத்திரியெல்லாம் பல் வலி, அதனால் நேற்று அனுப்ப முடியவில்லை, மன்னிக்கவும்.

வருகைப் பதிவேட்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'பல் வலி' என்று எழுதினேன். கடிதத்தைக் கோப்பில் குத்தி வைத்தேன். அது வருகைக் கோப்பு. பல் கோப்பு முந்தின நாளே வண்டியில் போயிருந்தது.